சாட்டிலைட் போனில் பேசும்போது தாக்கிய ஏவுகணை... யார் இந்த ஜோகர் துதாயேவ்?

1996 ஏப்ரல் 21. ரஷ்யாவின் தெற்கு மூலையில் இருக்கும் செச்னியா. கெகி-சூ கிராமத்துக்குப் பக்கத்தில், செச்னியா அதிபர் ஜோகர் துதாயேவ் சாட்டிலைட் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு ரஷ்ய எம்.பி. அந்த நேரத்தில்தான் ஏவுகணை வந்து விழுந்தது. சற்றுத் தள்ளி இருந்த மனைவி அல்லா தப்பினார். துதாயேவ் தப்பவில்லை.

1944 பிப்ரவரியில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே, ஸ்டாலின் அரசு செச்னிய மக்களை மொத்தமாக ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. 13 வருஷம் கஜகஸ்தானில் கழிந்தது. அப்படி விரட்டப்பட்ட இனத்தில் பிறந்தவர்தான் பின்னாளில் சோவியத் விமானப்படையில் மேஜர் ஜெனரல் ஆனார். எஸ்தோனியாவில் குண்டுவீச்சு விமானப் பிரிவுக்குத் தளபதியாக இருந்தார்.

1991ல் செச்னியா அதிபராகி, தனி நாடு என்று அறிவித்தார். உலகம் ஏற்கவில்லை. தனி நாட்டுக்கான டெலிபோன் கோடும் இல்லை. லேண்ட்லைன் எல்லாம் ரஷ்யாவின் +7க்குள்தான். 1994 டிசம்பரில் ரஷ்யப் படை உள்ளே வந்தது.

அப்போது கைகொடுத்தது சாட்டிலைட் போன். இதற்கு டவர் தேவையில்லை. சிக்னல் நேராக செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து வேறு ஒரு தரை நிலையத்தில் இறங்கி, சாதாரண போன் நெட்வொர்க்கில் சேரும். நம்பரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அன்றைய பெரிய சேவையான இன்மார்சாட் கப்பல்களுக்காகத் தொடங்கியது என்பதால் கோடுகளே கடல் கணக்குதான்: கிழக்கு அட்லாண்டிக் 871, பசிபிக் 872, இந்தியப் பெருங்கடல் 873, மேற்கு அட்லாண்டிக் 874. நாம் கூப்பிடுகிறவர் எந்தக் கடலுக்கு மேலே உள்ள செயற்கைக்கோளின் கீழ் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் லைன் கிடைக்கும். (2008 முடிவோடு இந்தத் தலைவலி தீர்ந்தது, இப்போது எல்லாமே 870. இரிடியம் போனுக்கு 8816, 8817. துராயாவுக்கு 88216.)

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கையடக்க சாட்டிலைட் போன் அப்போது வரவில்லை. பெட்டி மாதிரி ஒரு கருவி. அதன் ஆன்டெனாவை 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். பதுங்குகுழிக்குள் இருந்து பேச முடியாது, வானம் தெரிய வேண்டும். பேசும் வரை அது ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர். என்ன பேசுகிறார் என்பதை ரகசியமாக்கலாம், எங்கிருந்து பேசுகிறார் என்பதை அல்ல. மேலே பறக்கும் விமானம் இரண்டு இடங்களில் இருந்து சிக்னலின் திசையைப் பார்த்தால் போதும், கோடுகள் வெட்டும் இடம்தான் ஆள் இருக்கும் இடம். துதாயேவை ரஷ்ய விமானங்கள் இப்படித்தான் கண்டுபிடித்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஒரு விமானப்படை ஜெனரலுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் வேறு வழி? ஜூனில் தேர்தலை வைத்துக்கொண்டு, ரஷ்ய அதிபர் எல்ட்சின் மார்ச் கடைசியில்தான் சமாதானத் திட்டம் அறிவித்திருந்தார். போரை நிறுத்தப் பேசியாக வேண்டும். பேச அந்தப் பெட்டிதான் இருந்தது.

ஆகஸ்டில் காசாவ்யூர்ட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செச்னியா தரப்பில் கையெழுத்துப் போட்டவர் அஸ்லான் மஸ்கதோவ்.