கடல்நீர்த் தொட்டி கண்ட பிலிப் ஹென்றி காஸ்

கடற்கரைப் பாறைக் குழிகளில் தேங்கிய தெண்ணீரைக் குனிந்து நோக்கிக் களியாத சிறுவர் இலர். அந்நீரில் வாழும் மீன், நண்டு, கடற்சாமந்தி முதலியவற்றை வீட்டுக்குக் கொணர்ந்து வளர்க்க முயன்றோரும் பலர். ஆயின், கொணர்ந்த சின்னாட்களில் நீர் நாற்றமெடுக்கும், உயிர்கள் மடியும், கண்ணாடிச் சுவரைப் பச்சைப் பாசி மூடிவிடும். இவ்விடர்களைக் கடக்கும் வழியைத் தம் நூல்களால் பொதுமக்கட்குக் கற்பித்தவருள் தலையாயவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனால் நாம் பெறத்தகும் படிப்பினையையும் ஆராயப் புகுகின்றோம்.

காஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஊரூராய்ச் சென்று சிற்றுருவ ஓவியம் தீட்டிப் பிழைத்தவர். குடும்பத்தில் வறுமை நீங்கியதில்லை. பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் சிறுவர் வளர்ந்தார். அங்கே அவர்தம் அத்தையார் கடற்கரை உயிர்களின் பெயர்களையும் இயல்புகளையும் அவர்க்கு அன்போடு கற்பித்தார். கல்லூரிக் கல்வி அவர்க்கு வாய்த்திலது. 1827இல், பதினேழாம் அகவையில், அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்து சென்று, வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார்.

அவ்விடத்தே 1832ஆம் ஆண்டில் இரு மாறுதல்கள் அவர் வாழ்வில் நிகழ்ந்தன. உருப்பெருக்குக் கண்ணாடியைப் பற்றிய நூலொன்றை வாங்கிப் பயின்று, பூச்சிகளைத் திரட்டி ஆராயத் தொடங்கியது ஒன்று. தம் வாழ்வை ஆண்டவர்க்கு முழுதும் ஒப்புவித்தது மற்றொன்று. இவ்விரண்டும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. பின்னர்க் கானடாவில் பயிர்த்தொழில் செய்து தோற்றார். 1838இல் அலபாமாவில் சிலகாலம் பள்ளியாசிரியராயிருந்து, அங்கு அடிமைகள் படும் துன்பத்தைக் கண்டு உள்ளம் வெதும்பினார். 1839இல் வெறுங்கையராய்த் தாய்நாடு திரும்பினார். 1844 முதல் 1846 வரை ஜமெய்க்காத் தீவில் பறவைகளை ஆராய்ந்து 1847இல் அரிய நூலொன்று வெளியிட்டார். தமக்குத் துணைபுரிந்த அத்தீவினரான ரிச்சர்டு ஹில் என்பாரின் பெயரை அதன் முகப்பிலேயே பொறித்தமை அவர்தம் நன்றியறிதலுக்குச் சான்றாம்.

1848இல் எமிலி அம்மையாரை மணந்தார். மறு ஆண்டில் எட்மண்ட் என்னும் மைந்தன் பிறந்தான். ஓய்வின்றி எழுதியமையால் காஸின் உடல் நலிந்தது. 1852இல் அவர் டெவன் மாகாணக் கடற்கரைக்குச் சென்று தங்கினார். உடல்நலம் தேடிச் சென்றவர்க்கு வாழ்நாட் பணியே ஆங்குக் கிட்டிற்று.

அவர்க்கு முன்னரும் இத்துறையில் முயன்றோர் உளர். அன்னா தின் என்னும் அம்மையார் 1846இல் பவள உயிர்களை இலண்டன் மாநகர்க்குக் கொணர்ந்து, பணிப்பெண்ணைக் கொண்டு கடல்நீரை மீண்டும் மீண்டும் உயரத்தினின்று வார்ப்பித்து, அதிற் காற்றுக் கலக்குமாறு செய்து காப்பாற்றினார். இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதிநூல் அறிஞர் 1850இல், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒருங்கு வாழின் நன்னீர்த் தொட்டி கெடாது நிற்கும் என்று காட்டினார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும். ஒளி படுங்கால் செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கும். அழுகும் இலைகளை நத்தை தின்று தீர்க்கும். இச்சமநிலையைக் கடல்நீரிலும் நிறுவ முயன்றவருள் முதன்மையானவர் காஸ். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் திறக்கப்பெற்ற மீன் மனைக்குக் கடலுயிர்களைத் திரட்டி உதவினார். 1854இல் வெளியிட்ட நூலுக்கு அக்வேரியம் என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல்லைப் பரப்பியவர் அவரே. கடலுக்குத் தொலைவில் வாழ்வோர்க்காகச் சோற்றுப்பு, பேதியுப்பு முதலிய நான்கு உப்புகளைக் கலந்து கடல்நீரொப்பது ஒன்று செய்யும் முறையையும் வகுத்தார்.

இனிப் பாசியின் செய்தியை நோக்குவோம். பாசியின் நுண்ணிய வித்துகள் கடல்நீரிலும் கல்லிலும் கலந்தே வருகின்றன. வெயில் மிகப் படின் அவை பெருகிக் கண்ணாடியை மறைக்கும். கடற்கரைக் குழியிலோ அலை நாடோறும் வந்து நீரை மாற்றுகின்றது. நத்தைகள் பாறையை மேய்கின்றன. தொட்டியில் அலையின் பணியையும் நத்தையின் பணியையும் வளர்ப்போனே ஏற்பாடு செய்தல் வேண்டும். இதனை உணர்ந்த காஸ், மிகுந்த ஒளியைத் திரையிட்டுக் குறைக்கவும், கடல் நத்தைகளைத் தொட்டியில் விடவும் அறிவுறுத்தினார். நத்தை தன் அரம்போன்ற நாவினால் கண்ணாடிப் பாசியை வரிவரியாய்ச் சுரண்டி உண்ணும் விதத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் பொறுமையுடன் நோக்கி வருணித்துள்ளார். நீர் ஆவியாய்க் குறையுங்கால் உப்பு எஞ்சி நிற்குமாதலின், குறைவை நன்னீரால் நிரப்பவேண்டும் என்பதும் அவர் கற்பித்த பாடம்.

ஆயினும் காஸ் அறியாத உண்மையொன்று உண்டு. உயிர்களின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகுங்கால் அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றும். கல்லிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய அறிஞர் 1890இல் விளக்கினார். காஸ் இறந்து அப்பொழுது இரண்டாண்டுகள் கழிந்திருந்தன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரமாம். ஆதலின், பாசியைச் சுரண்டுதல் மட்டும் போதாது; இரையை அளவோடு இட்டு, அவ்வுரம் மிகாவண்ணம் காத்தலே மூலத்தைக் களைவதாகும். தொட்டி அழுக்குற்றதென்று நீர் முழுதும் கொட்டி, கல்லையும் மணலையும் சவர்க்காரமிட்டுக் கழுவுவோர் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் ஒருங்கே அழித்துவிடுகின்றனர். அதனால் அம்மோனியா பெருகி மீன்கள் மாளும். ஓரிரு வாரங்கட்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ நீரை வடிகுழாயால் அடிக்கசடோடு இறக்கி, இறக்கிய அக்கடல்நீரிலேயே கற்களைத் தூரிகையால் தேய்த்து, அதே உப்பளவுள்ள புதுநீரை வார்ப்பதே தக்கது.

காஸின் நூல்களைப் படித்த ஆங்கில மக்கள் பெருவேட்கை கொண்டனர். 1845இல் கண்ணாடி வரி நீங்கியமையால் தொட்டிகள் மலிந்தன; இருப்புப்பாதை கடற்கரையை அண்மையாக்கிற்று. கூடையும் உளியும் ஏந்திய கூட்டம் கரைதோறும் மொய்த்தது. பறித்தவற்றுட் பெரும்பகுதி சின்னாளில் மடிந்தது. மடியவே, மீண்டும் பறித்தனர். காஸ் இளமையிற் கண்ட வளமிக்க குழிகள் வெறுமையாயின. கடலின் அழகைக் காட்ட எழுதிய தம் நூல்களே அவ்வழகு அழியக் காரணமாயின என்றெண்ணி அவர் பெரிதும் வருந்தினார் என்பதை மைந்தர் எட்மண்ட் பின்னாளில் எழுதியுள்ளார்.

இதனினும் பெருந்துயர் வேறு வந்தது. மார்பிற் புற்றுநோய் கண்ட எமிலி அம்மையார், கொடிய சிகிச்சையை மாதக்கணக்கிற் பொறுத்து, 1857 பிப்ரவரியில் இறையடி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே காஸ் ஆம்பலோஸ் என்னும் நூலை வெளியிட்டார். பூமி தொன்மையானது எனக் காட்டும் பாறைகளும் புதையுயிர்ச் சின்னங்களும், படைப்பின்போதே அத்தோற்றத்துடன் அமைக்கப்பட்டன என்பது அவர் கொள்கை. அறிவியலாரும் ஏற்றிலர், அவர் நண்பரும் குருவுமாகிய சார்லஸ் கிங்ஸ்லியும் ஏற்றிலர். கண்ட உண்மைக்கும் கொண்ட பற்றுக்கும் இடையே பாலம் அமைக்க விழைந்தவர் இருகரையாராலும் தள்ளப்பட்டார்.

கிறிஸ்தவ மாணவராகிய யாம் இதனை மறைத்துக் கூற விரும்பவில்லை. காஸின் அக்கொள்கை பிழையே. தன் கைவேலையில் பொய்ச்சான்றைப் பொறித்து வைக்கும் படைப்போனை நம் விசுவாசமும் ஏற்காது. எனினும், அவர்தம் உண்மையுள்ளத்தை யாம் ஐயுறுகிலேம். நகைப்புக்கு ஆளாகிய பின்னும் அவர் கடலை வெறுத்திலர். உருப்பெருக்குக் கண்ணாடியைக் கீழே வைத்திலர். 1860இல் பிரிட்டானியக் கடற்சாமந்திகளைப் பற்றிய பெருநூலைத் தம் கைவண்ண ஓவியங்களோடு நிறைவேற்றினார். முதுமையிலும் கண்ணுக்குப் புலனாகா நீர்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்து, ஹட்சன் என்பாருடன் சேர்ந்து எழுதிய நூலை 1886இல் முடித்தார். 1888 ஆகஸ்டு 23ஆம் நாள், டெவன் மாகாணத்துத் தம் இல்லத்தில் கண்மூடினார்.

நண்பர்காள்! தொட்டியைக் காப்போன் ஒருநாட் பெருந்துப்புரவை நம்பியிரான். நாடோறும் சிறிது நோக்கி, சிறிது துடைத்து, சிறிது மாற்றுவான். காஸ் கடலுயிர்களிடத்துக் காட்டிய அப்பொறுமையை நாம் நம் கல்வியினும் வாழ்வினும் காட்டுவோமாக. அவர் புகழ் சுட்டும் வழியிற் செல்வோம். அவர் பிழை சுட்டும் எச்சரிக்கையையும் மறவாதிருப்போம். கரையிலுள்ள உயிர்களைக் கண்டு மகிழ்ந்து, அவற்றைக் கடலிலேயே விட்டு வருதலும் படைத்தவர்க்குச் செய்யும் வழிபாடேயாம்.