மண்ணெண்ணெய் விசிறி செய்த மேதை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

கோவை மாநகரின் தொழிற்புகழுக்கு வித்திட்டோரை எண்ணுகையில் முதல் வரிசையில் வந்து நிற்பவர் ஜி.டி. நாயுடு. அதிசய மனிதர் என்றும் இந்தியாவின் எடிசன் என்றும் அவரைப் போற்றாதார் இல்லை. அவர் செய்தவற்றை மேடையில் அடுக்குவோர், மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் கருவி, படக்கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, தில்லுமுல்லுக்கு இடங்கொடாத வாக்குப்பதிவுப் பொறி என்று சொல்லிக்கொண்டே போவர். பட்டியலின் கடைசியில் ஒன்று வரும். அது மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி. கேட்போர் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவர். எனக்கோ அந்த விசிறியின் வழியாகத்தான் நாயுடுவின் வாழ்க்கை விளங்கத் தொடங்கிற்று. ஏன் என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி. இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. ஆசிரியர் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய கதையை அவர் வரலாற்றை எழுதியோர் சொல்வர். நம் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!

ஏறத்தாழ என் வயதில் அவர் இருந்தபோது, வருவாய்த்துறை ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் பூட்டாமல் ஓடும் வண்டி அவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. ஊரைவிட்டுக் கோவைக்கு வந்து, உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக ஆண்டுக்கணக்கில் உழைத்து, சில நூறு ரூபாய் சேர்த்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றியிருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசமாட்டோம். திருகு திருகாகக் கழற்றித் தரையில் பரப்பினார், மறுபடியும் பூட்டினார். அவருடைய பொறியியல் கல்வி அந்தத் தரையில் தொடங்கியது.

1920-இல் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு ஒரேயொரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். 1933-இல் அவருடைய பேருந்து நிறுவனம் நன்கு வளர்ந்திருந்தது. அவ்வாண்டில் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. இந்த வெற்றிக் கதையைப் பலரும் எழுதிவிட்டமையால் நான் விரைந்து கடக்கிறேன்.

என் உள்ளம் நிற்பது 1937-ஆம் ஆண்டில். 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின, ஆழக் கிணறுகளில் நீர் இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. மோட்டாரோ கப்பலேறி வரவேண்டிய பொருள். அந்நிலையில் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினர். செம்புக்கம்பிச் சுருளும் இரும்புத் தகடுகளும்தான் மோட்டார் என்று வாயால் சொல்வது எளிது. சுழலும் பகுதிக்கும் சுழலாத பகுதிக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளியைச் சுற்றிலும் ஒரே சீராக வைக்கவேண்டும். அச்சு சிறிது விலகினாலும் அது உறுமும், சூடேறும். ஓசையற்ற மோட்டார் என்றாலே ஒழுங்காகச் செய்த மோட்டார் என்று பொருள்.

பெரிய மோட்டாரோடு அவர் நிற்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் மின்சவரக் கருவி ஒன்றை வடிவமைத்தார். ரேசன்ட் என்பது அதன் பெயர். உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டார் அதனுள் இருந்தது. ஜெர்மனியில் அக்கருவி உற்பத்தியாயிற்று. கிணற்றில் நீர் இறைக்கும் மோட்டாரில் கொஞ்சம் ஆற்றல் வீணானால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மின்கலத்தில் ஓடுவதில் ஒரு துளி வீணானாலும் மின்கலம் செத்துவிடும். ஆகவே சிறியது செய்வதே கடினம் என்பது என் கருத்து.

இனி என் விசிறிக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் பெரணமல்லூர். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளுள் எங்கள் தெருவில் நெய்தவையும் உண்டு. அப்பா குழித்தறியில் நெய்கிறார். முந்தியிலும் கரையிலும் வரும் உருவங்களை முன்பெல்லாம் கட்டத்தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவர். இப்போது அவ்வரைவைக் கணிப்பொறியில் செய்கிறார்கள். (1804-இல் பிரான்சில் ஜக்கார் காப்புரிமை பெற்ற அந்தத் துளை அட்டையே பின்னாளில் கணிப்பொறிக்கும் வழிகாட்டியது, ஆக, தறி தன் கடனைத் திரும்பப் பெறுகிறது என்று கொள்ளலாம்.) நானும் வரைவு செய்து கொடுக்கலாம் என்று, பழைய பாகங்களும் புதிய பாகங்களும் சேர்த்து ஒரு கணிப்பொறியைப் பூட்டினேன். அதற்குக் குளிர்விசிறிகள் வாங்கவேண்டியிருந்தது.

வீடு ஒரே கூடம். பகலில் தறி மிதிக்கும் ஓசையில் எந்த விசிறியின் ஓசையும் கேட்காது. இரவில் தறி ஓய்ந்தபின், கணிப்பொறி இருக்கும் அதே கூடத்தில்தான் பாட்டி முதல் தங்கை வரை எல்லோரும் படுக்கவேண்டும். எனக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதும் அப்போதுதான். சித்திரை மாதமானால் நள்ளிரவிலும் சுவரில் கைவைக்க முடியாது. விசிறி அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிரச் செய்யாது. ஆகவே கோடையில் அது கூடுதலாகச் சுழன்றாக வேண்டும். சுழன்றால் இரையும், இரைந்தால் பாட்டி எழுந்துவிடுவார். இதற்கு நடுவே வழி காணவேண்டும்.

நாயுடு வழியில் முதலில் ஒரு பழைய விசிறியைப் பிரித்துப் பார்த்தேன். வளையக் காந்தம் ஒன்று, நான்கு கம்பிச் சுருள்கள், காந்தத்தின் இருப்பை உணரும் சிறு சில்லு, அவ்வளவே. 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. தேய்வதற்குக் கார்பன் தூரிகை கிடையாது. தேய்வது அச்சு அமர்ந்திருக்கும் இடம் மட்டும். வெறும் புஷ் வைத்தது புதிதில் அமைதியாக ஓடும். எண்ணெய் உலர்ந்ததும் கடகடக்கும். பால்பேரிங் நெடுநாள் உழைக்கும். ஆனால் மெல்லிய சலசலப்பு அதன் கூடப்பிறந்தது. எண்ணெய்ப் படலத்தைப் பள்ளங்களில் தேக்கி வைக்கும் வகைதான் இரவுக்கு ஏற்றது.

இங்கே மண்ணெண்ணெய் விசிறி நினைவுக்கு வரவேண்டும். மின்சாரம் எட்டாத வீடுகளுக்கென உலகில் செய்யப்பட்ட அவ்வகை விசிறிகள் பெரும்பாலும் வெப்பக்காற்றுப் பொறியால் இயங்கியவை. கீழே விளக்குச் சுடர். மேலே மூடிய உருளை. உள்ளிருக்கும் காற்று சூடேறி விரியும், குளிர்ந்து சுருங்கும். அந்த விரிவும் சுருக்கமும் தண்டைத் தள்ளி இறக்கையைச் சுழற்றும். பெட்ரோல் பொறியைப் போல உள்ளே வெடிப்பு இல்லை. வெப்பத்தைக் கொண்டே காற்று வீசச் செய்யும் அந்த எண்ணம் சிரிப்பதற்குரியதா? மின்கம்பம் வராத ஊரின் இரவு எப்படி இருக்கும் என்று அறிந்தவர்க்கே அது தோன்றும்.

நாயுடுவோடு நான் மாறுபடும் இடம் ஒன்றும் உண்டு. 1945-இல் கோவையில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்வி நிலையங்கள் அமைய அவர் காரணமாக இருந்தார். அவற்றுள் பொறியியல் கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆனால் நான்காண்டுப் பட்டப்படிப்பு காலவிரயம், குறைந்த காலத்தில் கற்பித்துவிடலாம் என்பது அவர் துணிபு. அரசு இணங்கவில்லை, அவர் விலகினார். மேடையில் அவரைப் படிக்காத மேதை என்று புகழும்போது நாமெல்லாம் கைதட்டுகிறோம். எங்கள் வீட்டில் அந்தப் புகழ்ச்சி வேறு வடிவில் வருகிறது. நாயுடு என்ன பட்டமா வாங்கினார், பையனைச் செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைக்கு அனுப்பினால் மாதம் பிறந்தால் சம்பளம் என்று உறவினர் அப்பாவிடம் சொல்கின்றனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பதில் சொல்லாமல் தறியில் இறங்கிவிடுவார்.

அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் விசிறியில் இருக்கிறது. விசிறி தள்ளும் காற்று சுழற்சி வேகத்தின் நேர்விகிதத்திலும், விட்டத்தின் மும்மடியிலும் கூடும். ஓசையோ வேகத்தின் ஐந்தாம் மடியை ஒட்டி ஏறும். கணக்கிட்டுப் பார்த்தேன். 80 மி.மீ. விசிறி நிமிடத்துக்கு 2,700 சுற்றில் தள்ளும் காற்றை, அதே வடிவில் பெரிதாக்கிய 120 மி.மீ. விசிறி 800 சுற்றிலேயே தள்ளிவிடும். ஓசை ஏறத்தாழ 14 டெசிபல் குறையும். ஏழு இறக்கை என்றால் முன்னதன் சுருதி 315 ஹெர்ட்ஸ், பின்னதன் சுருதி 93 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த சுருதியை நம் செவி எளிதில் பொருட்படுத்தாது. இந்த ஐந்தாம் மடி எந்த விசிறியைப் பிரித்தாலும் உள்ளே கிடைக்காது. நம் வகுப்பறையிலும் நூலகத்திலும்தான் எனக்குக் கிடைத்தது. நாயுடுவும் படிப்பை வெறுத்தவர் அல்லர். விடாமல் நூல் படித்துத் தேறியவர். அவர் பொறுக்காதது கல்வியின் மெத்தனத்தை. ஆனால் தாமே தேடிப் படிக்கும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. என் போன்றோர்க்குக் கைப்பிடித்து அழைத்துப் போக ஓர் ஆசிரியர் வேண்டும், அதற்கு மூன்றாண்டு வேண்டும்.

கணக்கில் ஓர் இடறலும் இருந்தது. மெதுவாகச் சுழலும் அந்தப் பெரிய விசிறியின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. திறந்த வெளியில் அதனால் கேடில்லை. எங்கள் வீட்டிலோ காற்றில் எப்போதும் பட்டு இழைத் தூசி. பெட்டியின் முகப்பில் மெல்லிய வலை கட்டியே ஆகவேண்டும். வலையை மீறிக் காற்றை இழுக்க அழுத்தம் வேண்டும். ஆகவே அகன்ற இறக்கை கொண்ட 120 மி.மீ. விசிறிகள் இரண்டை முன்புறம் உள்ளிழுக்கவும், ஒன்றைப் பின்புறம் சற்று மெதுவாக வெளியேற்றவும் பொருத்தினேன். உள்ளே வரும் காற்று மிகுந்திருப்பதால் இடுக்குகள் வழியே தூசி நுழைவதில்லை. வலையை வாரம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும்.

அழகும் வேண்டுமல்லவா? ஆரணியில் நான் போன கடையில் ஏழு வண்ணமும் மாறி மாறி மின்னும் விசிறிகளையே முதலில் எடுத்துக் காட்டினர். வண்ணத்தோடு பிழைக்கும் எங்கள் வீட்டில் அவை எடுபடவில்லை. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் பழுப்பும் வெளிர்மஞ்சளுமாக விசிறி செய்கிறது. உலகெங்கும் பலர் அந்நிறத்தைக் கேலி செய்கின்றனர். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். உடலுக்கும் கரைக்கும் நல்ல பொருத்தம் என்று தீர்ப்பு வந்தது! விலையைப் பார்த்துப் படத்தோடு நிறுத்திக்கொண்டு, விளக்கில்லாத கறுப்பு விசிறிகளை வாங்கினேன்.

விலை என்றதும் மீண்டும் நாயுடுவே வந்து நிற்கிறார். 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று அறிவித்தவர் அவர். 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முன்வந்தார். உரிமம் கிடைக்காமல் அம்முயற்சி நின்றது. எதைச் செய்தாலும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலையைக் கூடவே சொன்ன அந்தப் பழக்கத்தை அவருடைய எந்தக் கருவியினும் மேலாக நான் மதிக்கிறேன்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் அருங்காட்சியகம் இருக்கிறது; அருகில் பழைய கார்களின் காட்சியகமும் உண்டு. அடுத்த ஆண்டுக் கல்விச் சுற்றுலா எங்கே என்று நம் துறையில் இப்போதே பேச்சு நடக்கிறது. ஏற்காடு என்று ஒரு கட்சி, கொடைக்கானல் என்று ஒரு கட்சி. நான் கோவைக் கட்சி. இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம்.