சூரியனை அளந்த கொடைக்கானல்காரர்

(மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்)

எங்க ஊரு கீழ்ப்பழனி மலையில இருக்கு. சாயங்காலமானா வோல்டேஜ் குறைஞ்சு மிக்ஸி முனகும். அதனாலதானோ என்னவோ, நான் டிப்ளமோவில் எலக்ட்ரிக்கல் எடுத்தேன். மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னதும், எடிசனை விட்டுவிட்டு எங்க மலையில் வாழ்ந்த ஜான் எவர்ஷெட்டைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

எவர்ஷெட் 1864இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வேலைக்குப் போய்க்கொண்டே, ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளை வைத்துச் சூரியனை ஆராய்ந்தவர். இங்கே நம் நாட்டில் 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனை அறிந்தால் மழையை முன்கூட்டிச் சொல்லலாம் என்றொரு நம்பிக்கை இருந்தது. கொடைக்கானல் வானாய்வகம் எழ அதுவும் ஒரு காரணம். மிச்சி ஸ்மித் நிறுவிய அந்த ஆய்வகத்துக்கு 1907இல் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். கூட வந்த மனைவி மேரியும் வானியல் அறிந்தவர்.

சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் சுழல்காற்று மாதிரி சுழலும் என்று அப்போது எதிர்பார்த்தார்கள். 1909 ஜனவரியில் எவர்ஷெட் நிறமாலையைப் படம் பிடித்து அளந்தார். சுழற்சி தென்படவில்லை! வாயுக்கள் புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடின. எதிர்பார்த்ததை எழுதாமல் அளந்ததை எழுதினார். இன்றைக்கும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. 1911 முதல் 1923 வரை அங்கே இயக்குநராக இருந்தார். ஊர் திரும்பிய பிறகும் சூரியனை விடவில்லை. 1956இல் 92 வயதில் மறைந்தார்.

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுக்க இருண்டது. நீளமான லைன்களில் டி.சி. போன்ற கரண்ட் புகுந்து, டிரான்ஸ்பார்மர் கோர் சாச்சுரேட் ஆகி, 2 நிமிடத்துக்குள் கிரிடே விழுந்தது. 60 லட்சம் பேருக்குச் சுமார் 9 மணி நேரம் கரண்ட் இல்லை!

கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. இப்படிப்பட்ட தகவல்களைக் காக்கும் டேட்டா சென்டர்கள் சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் எழும்புகின்றன. நம்மில் பலருக்கு அங்கே வேலை கிடைக்கலாம். சந்தோஷம்தான். ஆனால் அவை இரவு பகல் 24 மணி நேரமும் ஒரே சீராக லோடு இழுப்பவை. சோலார் பகலில்தான் தரும். காற்றாலையோ காற்றடிக்கும் மாதங்களில்தான் நன்றாக ஓடும். மிச்ச நேரத்துக்கு வழி என்ன?

இன்னொன்று. ஒரு கம்பெனி 100 மெகாவாட் கேட்டு, லைனும் சப்ஸ்டேஷனும் போட்ட பிறகு 40தான் இழுத்தால், அந்தச் செலவு யார் தலையில்? முன்பணமும் குறைந்தபட்சக் கட்டணமும் சரியாக வாங்காவிட்டால் எங்க வீட்டு பில்லில்தான் வந்து விழும். மிக்ஸி அப்பவும் முனகும்!

ஆகவே நண்பர்களே, நாளை லோடு கணக்கு நம் கையில் வரும்போது, அவர்கள் சொன்ன எண்ணை அப்படியே எழுதிவிடாமல், மீட்டரில் பார்த்ததை எழுதுவோம். எங்க மலையில் எவர்ஷெட் செய்ததும் அதுதானே!