டி.வி.சுந்தரம் அய்யங்காரும் செவர்லே இன்ஜினும்



சென்ற கோடையில் ஒரு நாள் இரவு மின்சாரம் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்காம் மாடியில் ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையோடு இருந்த பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேராகப் படி வழியே தூக்கி இறக்கினோம். நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தைய பொதுக்குழுவில், ஜெனரேட்டர் சர்வீஸ் செலவை அந்த ஆண்டுக்கு நிறுத்தி வைக்கலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் பழுது பார்க்க வந்த மெக்கானிக் எழுபதைத் தாண்டியவர். சிறுவயதில் வாணியம்பாடிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் தொழில் கற்றவர். ஃபில்டரைக் கழற்றிக்கொண்டே பழைய செவர்லே லாரி இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. அந்த இன்ஜினில் எங்கே கோளாறு என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். தோல் ஷாப்புகளிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போன பழைய லாரிகளை அவர் வர்ணித்தபோது, வீட்டில் செத்துப்போன மாட்டைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

அமெரிக்கக்காரன் செய்த இன்ஜின் மீது நம்மூர்க்காரர்களுக்கு இத்தனை பாசம் எப்படி வந்தது? யோசித்துப் பார்த்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை அறியாதவர் நம் குடியிருப்பில் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் டி.வி.எஸ். மொபெட்டையோ டி.வி.எஸ். பைக்கையோ பார்த்ததில்லை. அவர் காலமாகி 25 ஆண்டுகள் கழித்துத்தான் டி.வி.எஸ். மொபெட் வந்தது.

சுந்தரம் அய்யங்கார் 1877 மார்ச் 22 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் பிறந்தார். நம்பி கோயிலுக்குப் பேர்போன ஊர். சட்டம் படித்து வக்கீலாகச் சில காலம் இருந்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு வங்கியில் வேலை. இந்த இடத்தில் எனக்கு அவர் மீது தனி உரிமை வந்துவிடுகிறது, நானும் வங்கிக்காரன் அல்லவா! ஆனால் நான் ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க நினைத்ததே இல்லை. அவர் 34 வயதில் எழுந்துவிட்டார். 1911-இல் தன் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912-இல் பஸ் ஓட்ட ஆரம்பித்தார்.

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். தார் ரோடு கிடையாது. மாட்டு வண்டித் தடத்தில்தான் பஸ் போக வேண்டும். வண்டி நின்றுபோனால் பழுது பார்க்க ஆள் கிடையாது, பாகம் கப்பலில் வர வேண்டும். மக்களுக்கு ரயில் மீது நம்பிக்கை உண்டு, மோட்டார் மீது கிடையாது. ரயிலில் வேலை பார்த்த சுந்தரம் அய்யங்காருக்கு இது நன்றாகத் தெரியும். ரயிலைப் போல நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குச் சேர்ந்தால்தான் பஸ்ஸில் ஜனங்கள் ஏறுவார்கள் என்பதைப் புரிந்துகொண்டார்.

அவருடைய பஸ் வருவதைப் பார்த்து மதுரைப் பக்கம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்னொரு விஷயமும் சொல்வார்கள். மாட்டுக் குளம்பிலிருந்து விழும் லாட ஆணிகள் பஸ் டயரைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டி, பஸ் போகும் ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தாராம். பஞ்சர் ஒட்டுவதை விட, பஞ்சர் ஆகாமல் பார்த்துக்கொள்வது சிக்கனம் என்ற கணக்குதான்.

பஸ் தொழிலோடு, வண்டிகளையும் பாகங்களையும் விற்கும் தொழிலிலும் இறங்கினார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாய் சிவ்ரியில் வண்டிகளைப் பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஃபோர்டு கம்பெனியும் அந்தக் காலத்திலேயே சென்னை, பம்பாய், கல்கத்தாவில் கால் ஊன்றியிருந்தது. தென்னாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி என்றால் டி.வி.எஸ். என்று ஆனது. செவர்லே கார்களும் லாரிகளும் இப்படித்தான் நம் ஊர்களுக்கு அதிகம் வந்து சேர்ந்தன.

இப்போது அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம். செவர்லேயின் ஆறு சிலிண்டர் இன்ஜின் 1929 மாடலோடு வந்தது. கொள்ளளவு சுமார் 3.2 லிட்டர், திறன் 46 குதிரைத்திறன். இன்று நம் பார்க்கிங்கில் நிற்கும் 1.2 லிட்டர் சின்னக் கார் 80 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் அந்தப் பழைய இன்ஜின் வெறும் ஊதாரி.

ஆனால் அதன் அருமை வேறு இடத்தில் இருந்தது. பெரிய இன்ஜின், மெதுவான சுழற்சி. அதனால் பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதும் திணறாமல் இழுக்கும். கம்ப்ரஷன் விகிதம் 5-க்கு 1 என்ற அளவில்தான். இன்றைய பெட்ரோல் கார்களில் அது 10-க்கு 1 அளவில் இருக்கிறது. விகிதம் குறைவு என்பதால் மட்டமான பெட்ரோலைக் குடித்தாலும் இன்ஜின் தட்டாது. வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் போதும். பேரிங் தேய்ந்து சத்தம் வந்தால், நடுவில் வைத்திருக்கும் மெல்லிய தகட்டில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி முடுக்கலாம். புதுப் பேரிங்குக்குக் காத்திருக்க வேண்டாம். அதில் இருந்த போல்ட்டுகள் அடுப்பில் போடுகிற சாதாரண போல்ட்டைப் போல இருந்ததால், அமெரிக்காவில் அடுப்பு போல்ட் இன்ஜின் என்றே அதற்குப் பட்டப்பெயர். 1937-இல் திருத்திய வடிவில் 85 குதிரைத்திறனோடு வந்தது. அதே வம்சம் 1960-களின் தொடக்கம் வரை அங்கே தயாரானது.

ஃபோர்டின் 1932 வி-8 இன்ஜினுக்கும் இப்படி ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. எட்டு சிலிண்டர் பணக்காரர்களின் காருக்கு மட்டும் என்றிருந்ததை மாற்றி, சாதாரணக் காருக்குள் 65 குதிரைத்திறனைக் கொண்டுவந்த இன்ஜின் அது. அதன் சத்தத்துக்காகவே அதை வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் மெக்கானிக்கைக் கேட்டால் செவர்லேக்குத்தான் ஓட்டுப் போடுவார்.

சுந்தரம் அய்யங்காருக்குப் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நின்றால் மக்கள் போக்குவரத்தும் நிற்கும், அவரை நம்பியிருந்த குடும்பங்களும் நிற்கும். அப்போதுதான் டி.வி.எஸ். காஸ் பிளான்ட் தயாரானது. நம் பெற்றோர் சொன்ன கரி பஸ் இதுதான். பஸ்ஸோடு ஓர் உருளை இணைக்கப்பட்டிருக்கும். அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு முதலான எரியக்கூடிய வாயுக்கள் கிடைக்கும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் அனுப்புவார்கள். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் கணிசமான பகுதி குறைந்துவிடும். காலையில் கரி மூட்டிக் காத்திருக்க வேண்டும். வடிகட்டி சரியில்லை என்றால் சாம்பல் போய் சிலிண்டரைத் தின்றுவிடும். தினமும் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அந்தப் பெரிய, பொறுமையான இன்ஜின்கள் இதையும் தாங்கின. டயர் தட்டுப்பாட்டுக்கும் ஒரு வழி உண்டு. தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் அவர் நடத்தினார்.

அவர் வீட்டுக்குள்ளும் சோதனை இல்லாமல் இல்லை. மகள் சௌந்தரத்தின் கணவர் ஒரு டாக்டர். அவர் பிளேக் நோயால் இறந்தார். இளம் வயதில் விதவையான மகளை அந்தக் கால வழக்கப்படி மூலையில் உட்கார வைக்காமல் மேலே படிக்க அனுப்பினார்கள். டெல்லியில் படித்து டாக்டரானார். 1940-இல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ஆசாரமான அந்தக் குடும்பத்துக்கு அது எளிதாக இருந்திருக்காது. அந்தத் தம்பதி 1947-இல் தொடங்கியதுதான் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு திருப்பம். வண்டியை இங்கே வெறுமனே பூட்டி விற்கக் கூடாது, பாகங்களையும் இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் பம்பாய்த் தொழிற்சாலையை மூடியது. ஃபோர்டும் அந்தச் சமயத்தில்தான் வெளியேறியது. இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்த சரக்கு நின்றுபோனது. அதே ஆண்டில் மகன் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். பின்னர் 1960-களில் பிரேக், சக்கரம், போல்ட் என்று பாகங்களைச் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. ஆனால் அவற்றைப் பார்க்கப் பெரியவர் இல்லை. பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருந்தவர், 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் தூக்கத்திலேயே காலமானார். வயது 78. அவருடைய பஸ்கள் 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின.

அமெரிக்கக் கம்பெனிகள் போன பிறகும் அவர்களுடைய இன்ஜின்கள் நம் ரோட்டில் பல ஆண்டுகள் ஓடின. நான் படித்த வணிகவியலில் தேய்மானம் என்று ஒரு கணக்கு உண்டு. வண்டியின் மதிப்பில் ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். சில ஆண்டுகளில் பேரேட்டில் அந்த வண்டிக்கு மதிப்பே இருக்காது. வங்கியில் இப்படி எத்தனையோ வண்டிகளின் கணக்கை எழுதியிருக்கிறேன். பேரேட்டில் செத்துப்போன வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது இரண்டு விஷயங்கள்: பழுது பார்க்க முடிகிற மாதிரி செய்த இன்ஜின், நேரத்துக்குப் பழுது பார்த்த கை. முதலாவது அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டாவதை நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பழக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் சுந்தரம் அய்யங்கார்.

நம் ஜெனரேட்டருக்கும் தேய்மானக் கணக்குப்படி வயதாகிவிட்டது. ஆனால் மெக்கானிக் சொன்னது வேறு. இன்ஜினில் குறை ஒன்றும் இல்லையாம். அடைத்துப்போன ஃபில்டரும் உயிர் போன பேட்டரியும்தான் அன்று நம்மைப் படியேற வைத்தன. இரண்டுமே சர்வீஸில் மாற்றியிருக்க வேண்டியவை.

வரும் பொதுக்குழுவில் சர்வீஸ் ஒப்பந்தம் மறுபடி விவாதத்துக்கு வருகிறது. போன முறை சிக்கனம் என்று நினைத்து கை தூக்கினேன். இந்த முறை ஒப்பந்தம் வேண்டும் என்று கை தூக்கப் போகிறேன். நீங்களும் வந்திருந்து உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.