காண்டலும் கருதலும்

நுழையும்முன்

மலையில் புகை எழுவதைக் காண்கிறோம். அங்கே நெருப்பு உண்டு என்று கருதுகிறோம். அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைப் பலமுறை கண்ட பழக்கமே அக்கருத்துக்கு அடிப்படை. காண்டல், கருதல் என்னும் இவ்வளவைகளைப் பற்றி மணிமேகலை விரிவாகப் பேசுகிறது. பலவற்றைக் கண்டு, அவற்றிலிருந்து பொதுவான ஒன்றை முடிவு செய்யும் முறையை இன்று தொகுத்தறிதல் என்கிறோம். எத்தனை அடுக்களைகளைக் கண்டால் போதும்? புகைபோலத் தோன்றுவது பனியாக இருந்தால் என்ன செய்வது? இத்தகைய வினாக்கள் ஓர் அறிவியலறிஞரின் ஆய்வுக்கூடத்தில் ஐந்து ஆண்டுகள் விடைகேட்டு நின்றன.

நீர்த்தலத்தில் பிறந்தவர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவில், திருவரங்கத்தை அடுத்து அமைந்திருக்கிறது திருவானைக்கா. ஐம்பூதத் தலங்களுள் நீருக்கு உரியது அது. சம்புகேசுவரர் கருவறையில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அவ்வூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சந்திரசேகர வெங்கட இராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகரர், தாய் பார்வதி அம்மாள். பிள்ளைகள் எண்மருள் இவர் இரண்டாமவர். நீர்த்தலத்தில் பிறந்ததனால்தான் பின்னாளில் நீரின் நிறத்தை ஆராய்ந்தார் என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால், நான்காம் வயதிலேயே இராமன் அவ்வூரை நீங்கிவிட்டார். இரண்டு செய்திகள் அருகருகே அமைந்திருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

திருச்சிராப்பள்ளியில் ஆசிரியராக இருந்த தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. 1892இல் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. தந்தையிடம் நூல்கள் நிறைய இருந்தன. வயலின் இசைப்பதிலும் அவர் தேர்ந்தவர். பதினொரு வயதில் மெட்ரிகுலேசன், பதின்மூன்றில் எப்.ஏ. என இராமனின் படிப்பு விரைந்து சென்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடமும் இயற்பியலுக்கான தங்கப் பதக்கமும் பெற்றார். 1907இல் முதுகலை முடித்தார்.

முதுகலை மாணவராக இருந்தபோதே ஒரு சிறு நிகழ்வு அவர் கண்ணில் பட்டது. கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியைக் கொண்டு பட்டகத்தை ஆராய்கையில், ஒளி மிகச் சாய்வாக விழும்போது தோன்றிய பட்டைகள் சமச்சீராக இல்லை. பாடநூலில் அதற்கு விளக்கம் இல்லை. இராமன் மீண்டும் மீண்டும் அளந்து, அவ்விளிம்பு விளைவைப் பற்றிக் கட்டுரை எழுதி இலண்டனில் வெளிவந்த பிலசாபிகல் மேகசின் இதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அலுவலகமும் ஆய்வகமும்

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடந்தரவில்லை. இந்தியாவில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள அந்நாளில் வழியும் இல்லை. எனவே, நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்றார். 1907இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியேற்றார். டிராம் வண்டியில் செல்கையில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. கருவிகள் இருந்தன, பயன்படுத்துவோர்தாம் குறைவு. இராமனுக்கு அங்கே கதவு திறந்தது.

அதன்பின் பத்தாண்டுகள் அவருடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலையில் ஆய்வகம், பகலில் அரசுக் கணக்கு, மாலை முதல் இரவு வரை மீண்டும் ஆய்வகம். அசுதோஷ் டே என்னும் உதவியாளர் உடனிருந்தார். இசைக்கருவிகளும் அக்காலத்தில் ஆராயப்பட்டன. தோற்கருவிகளில் பொதுவாக ஒழுங்கான இசைச்சுரங்கள் பிறப்பதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் மட்டும் பிறப்பது எவ்வாறு என்று அவர் ஆராய்ந்தார். தோலின் நடுவே பூசப்படும் கருஞ்சாந்தின் எடையே அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது என்பது அவர் கண்ட விடை. அக்கருவிகளைச் செய்த கைவினைஞர்கள் எக்காலத்திலோ செவியால் அறிந்திருந்ததற்கு இயற்பியல் அன்றுதான் காரணம் சொன்னது.

1917இல் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். ஊதியம் பெரிதும் குறைந்தது. பேராசிரியர் அயல்நாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்னும் விதிக்கு அவர் உடன்படவில்லை. பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது.

கப்பலின் மேல்தளத்தில்

1921இல் ஆக்சுபோர்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டில் கலந்துகொண்டு, நர்குண்டா என்னும் கப்பலில் இராமன் தாயகம் திரும்பினார். நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்று இரேலி பிரபு விளக்கியிருந்தார். வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் கண்டவர் அவரே. ஆகவே அவர் சொல்லை ஐயுறுவார் எவருமில்லை.

இராமனிடம் சட்டைப்பையில் அடங்கும் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு அடைகிறது. அதன் அதிர்வுகள் ஒரே தளத்தில் ஒழுங்குபடுகின்றன. நிக்கோல் பட்டகத்தை உரியவாறு திருப்பினால் அவ்வொளியை முழுமையாகத் தடுத்துவிடலாம். கடலின் நீலம் வானத்தின் எதிரொளியே என்றால், பட்டகத்தின் வழியே பார்க்கும்போது நீலம் மறைய வேண்டும். மறையவில்லை, முன்னினும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் முடிவைக் கட்டுரையாக எழுதி, பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் நேச்சர் இதழுக்கு அனுப்பினார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கடல் நீலமாக இருப்பதை ஆயிரம் முறை கண்டாலும் இரேலியின் விளக்கமும் நிற்கும், இராமனின் விளக்கமும் நிற்கும். இரண்டு விளக்கங்களும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே பார்த்த ஒரு பார்வையே தீர்ப்பு வழங்கியது.

ஐந்தாண்டு ஐயம்

கல்கத்தா திரும்பியதும் நீர்மங்களில் ஒளி சிதறுவதை மாணவர்களோடு சேர்ந்து ஆராயத் தொடங்கினார். 1923இல் கே. ஆர். இராமநாதன் தூய நீரில் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். சிதறிய ஒளியில், விழுந்த ஒளியின் நிறத்தோடு வேறு நிறத்தின் மங்கிய சுவடும் இருந்தது. சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உட்கொண்டு வேறு நிறத்தில் வெளியிடுவதுண்டு. உடனொளிர்தல் எனப்படும் அது முன்பே அறியப்பட்டதுதான். நீரில் கலந்துள்ள ஏதோ மாசு உடனொளிர்கிறது என்று கொள்வதே எளிய விளக்கம். நீரை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர்; சுவடு மறையவில்லை. 1925இல் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் வேறு பல நீர்மங்களில் அதையே கண்டார். அப்போதும் அது மாசின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

அவர்கள் கவனமின்றி இருந்தனர் என்று சொல்வதற்கில்லை. ஒரே காட்சிக்குப் பழகிய காரணம் ஒன்று இருக்கும்போது புதிய காரணத்தைத் தேடாமை ஆய்வாளர்க்கு அழகே. தூய்மை செய்யும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. இன்னும் சிறிது மாசு எஞ்சியிருக்கலாம் என்று எப்போதும் சொல்ல இயலும். மாசுதான் காரணம் என்னும் கருத்தைப் பொய்ப்பிக்கத் தூய்மையைத் தவிர வேறொரு சான்று வேண்டியிருந்தது.

அது 1928 சனவரியில் கிடைத்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு கிடைத்த பொழுதுகளில் மட்டும் ஆய்வு செய்துவந்த எஸ். வெங்கடேசுவரன், கிளிசரின் நீலத்துக்கு மாறாகப் பசுமை கலந்த ஒளியைச் சிதறடிப்பதையும் அவ்வொளி வலுவான தளவிளைவு பெற்றிருப்பதையும் கண்டார். இத்தகைய நீர்மங்களில் உடனொளிர்தலால் பிறக்கும் ஒளிக்கு அப்படியோர் ஒழுங்கு இருப்பதில்லை. எக்சு கதிர்கள் மின்னணுக்களில் மோதிச் சிதறும்போது அலைநீளம் மாறுகின்றன என்று கண்டறிந்த காம்ப்டனுக்கு 1927ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அதற்கு இணையான மாற்றம் நிகழுமோ என்னும் எண்ணம் இராமனிடம் வலுப்பெற்றது. கோட்பாட்டு ஆய்வில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனைச் சோதனைக்கு அழைத்துக்கொண்டார்.

சோதனை எளியது. தொலைநோக்கி வில்லையால் குவிக்கப்பட்ட சூரிய ஒளி, நீல ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியைக் கடந்து நீர்மத்தில் விழுகிறது. பச்சை மஞ்சள் நிறத்தை மட்டும் விடும் இரண்டாம் வடிகட்டியையும் அதே பாதையில் வைத்தால் ஒன்று விட்டதை மற்றொன்று தடுக்கும், நீர்மம் இருளும். அவ்விரண்டாம் வடிகட்டியை எடுத்து, நீர்மத்துக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் இடையே வைத்தனர். எதிர்பார்த்த இருள் வரவில்லை. மங்கிய ஒளித்தடம் தெரிந்தது. வடிகட்டிகள் அவையே, ஒளியும் அதுவே. மாறியது இடம் ஒன்றுதான். எனவே, நிறமாற்றம் நீர்மத்தின் உள்ளே நிகழ்ந்திருக்க வேண்டும்.

ஏறத்தாழ அறுபது நீர்மங்களை ஆராய்ந்தனர்; எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ அத்தடம் தெரிந்தது. ஆவியிலும் தெரிந்தது. ஒரு மாசு அறுபது பொருள்களிலும் கலந்திருப்பது அரிது; அப்படியே கலந்திருந்தாலும் தளவிளைவுக்கு அது விடை தராது. எண்ணிக்கை ஒரு பக்கமும் பண்பு மறு பக்கமுமாக நின்று ஐயத்தை நெருக்கின. பிப்ரவரி 16ஆம் நாளிட்டு, இராமனும் கிருஷ்ணனும் இணைந்து நேச்சர் இதழுக்குக் குறிப்பு எழுதினர். பிப்ரவரி 28ஆம் நாள் சிதறிய ஒளியை நிறமாலைகாட்டியில் பார்த்தபோது, புதிய ஒளி தனியாகப் பிரிந்து நின்றது. பின்னர்ப் பாதரச விளக்கின் ஒளியில் எடுத்த படங்களில் அவை கூரிய கோடுகளாகவே பதிந்தன.

கொள்ளிடத்தைக் கடக்கும் வணிகர் ஓடக்கூலி கொடுத்துவிட்டுச் சற்றுக் குறைந்த கைப்பொருளோடு கரையேறுவார். அதுபோல ஒளித்துகள் மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு பகுதியைக் கொடுத்து, குறைந்த ஆற்றலோடு வெளியேறுகிறது. முன்பே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெற்று வெளியேறுவதும் சிறுபான்மை உண்டு. கூலியின் அளவு மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். ஆகவே, புதிய கோடுகளைக் கொண்டு பொருள் இன்னதென்று சொல்லிவிடலாம். மருந்தின் தூய்மையையும் மணிக்கற்களின் உண்மையையும் அறிய இன்று இம்முறை பயன்படுகிறது. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்சு ஊர்தியும் இராமன் நிறமாலைமானிகளைச் சுமந்து சென்றது.

அதே பிப்ரவரியில் மாசுகோவில் இலாண்ட்சுபெர்க், மாண்டெல்சுதாம் ஆகிய இருவரும் குவார்ட்சுப் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்கள் கட்டுரை பிந்தி வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. கிருஷ்ணனின் பங்கைப் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

தெரியுமா?
இராமனின் தமையனார் சுப்பிரமணியரின் மகன் சு. சந்திரசேகர், விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

பெங்களூரு ஆண்டுகள்

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அவ்வாண்டு, பம்பாயில் முதல் வகுப்பில் தேறிய கமலா பகவத் அங்கே ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதனால் இராமன் மறுத்தார். கமலா நேரில் வந்து வாதாடியபின், ஓராண்டுக்குச் சோதனை முறையில் என்னும் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். பாராமல் முடிவு செய்வதைக் கடலின்மேல் ஏற்காத அவர், மனிதரிடத்தில் அதைச் செய்தார். கமலாவின் உழைப்பைக் கண்டபின் அவர் கருத்து மாறியது; பிற பெண்களுக்கும் இடம் கிடைத்தது. பின்னாளில் வானிலை அறிஞராகப் புகழ்பெற்ற அன்னா மணி, இராமனின் ஆய்வகத்தில் வைரங்களை ஆராய்ந்தவர். கமலாவோ 1939இல் கேம்பிரிட்சில் முனைவர் பட்டம் பெற்றார்.

மாறாத கருத்தும் ஒன்று உண்டு. வைரத்தின் நிறமாலையில் கூரிய கோடுகளைக் கண்ட இராமன், படிகத்தின் அணுக்கள் ஒருசில அதிர்வெண்களில் மட்டுமே அதிர்கின்றன என்று முடிவு செய்தார். அதிர்வெண்கள் தொடர்ச்சியானவை என்பது செருமானிய அறிஞர் மாக்சு பார்னின் கோட்பாடு. பார்னை முன்பு பெங்களூருக்கு அழைத்து வந்தவர் இராமனே. 1940களில் இருவருக்கும் கடும் வாதம் நிகழ்ந்தது. கோடுகளைத் தம் கண்ணால் கண்டதே இராமனின் வலிமை. ஆனால் தொடர்ச்சியான அதிர்வெண்களிலிருந்தும் அத்தகைய கோடுகள் தோன்றக்கூடும் என்பதை அவர் ஏற்கவில்லை. பின்வந்த நியூட்ரான் சிதறல் சோதனைகள் பார்னின் பக்கமே நின்றன. இராமன் தம் கருத்தை இறுதிவரை விடவில்லை.

1934இல் இந்திய அறிவியல் கழகத்தையும், 1948இல் தம் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனத்தையும் பெங்களூரில் தோற்றுவித்தார். 1954இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. முதுமையில் மலர்களின் நிறங்களையும் கண் நிறத்தை உணரும் முறையையும் ஆராய்ந்தார். 1970 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். அவர் விரும்பியவாறே நிறுவனத்தின் தோட்டத்தில், சடங்குகளின்றி எரியூட்டினர். அவ்விடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது.