குன்பெய் யோகோய்

ஜப்பான் நாட்டிலே கியோட்டோ என்னும் பழம்பெரும் நகரம் ஒன்று உளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மன்னர்கள் வீற்றிருந்த தலைநகரம் அஃது. கோயில்களாலும் சோலைகளாலும் பட்டு நெசவாலும் புகழ்பெற்ற அந்நகரில், 1889ஆம் ஆண்டு ஃபுசஜிரோ யமவுச்சி என்பார் விளையாட்டுச் சீட்டுச் செய்து விற்கும் சிறு தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். அச்சீட்டுக்கு 'ஹனபுடா' என்று பெயர். மலர்ச்சீட்டு என்பது அதன் பொருள். மாதத்துக்கு ஒரு மலரோ செடியோ ஆகப் பன்னிரண்டு மாதங்களையும் 48 சீட்டுகளில் அழகுறத் தீட்டியிருப்பர். அத்தொழிலகமே பின்னாளில் உலகத்துச் சிறுவர் அனைவரும் அறிந்த நிண்டெண்டோ நிறுவனம் ஆயிற்று. மலர்ச்சீட்டு அடித்துக்கொண்டிருந்த அந்நிறுவனம், உள்ளங்கையளவு திரையிலே கார்ப் பந்தயம் ஓடவிடும் நிலைக்கு உயர்ந்ததற்குப் பலர் காரணர் ஆவர். அவருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் குன்பெய் யோகோய்.

யோகோய் 1941ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் கியோட்டோவிலே பிறந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் பயின்று, 1965ஆம் ஆண்டு நிண்டெண்டோவில் பணியில் அமர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை பெருமைக்குரியது அன்று. சீட்டு அடிக்கும் இயந்திரங்கள் பழுதுறாமற் காப்பதே அவருடைய கடமை. இயந்திரங்கள் ஒழுங்காக ஓடிய நாள்களில் அவருக்கு ஒரு வேலையும் இராது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது அவர் இயல்புக்கு ஒவ்வவில்லை. ஆகவே, பட்டறையில் இருந்த கருவிகளைக் கொண்டு தம் மகிழ்ச்சிக்காக ஏதேனும் செய்துகொண்டிருப்பார்.

அவ்வாறு அவர் செய்த பொருள்களுள் ஒன்று நீண்டு சுருங்கும் கை. கடைவாயில்களில் இழுத்தால் விரிந்து தள்ளினால் மடங்கும் இரும்புக் கதவை நாம் கண்டிருக்கிறோம். குறுக்கும் நெடுக்கும் பட்டைகளைக் கோத்து ஆணி அடித்த அதே அமைப்புத்தான். பிடியை அழுத்தினால் கை நீண்டு சென்று, எட்ட இருக்கும் பொருளைப் பற்றிக்கொள்ளும். ஒருநாள் நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி ஆலையைப் பார்வையிட வந்தபோது, இவ்விளையாட்டைக் கண்டுவிட்டார். அவர் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். வேலை நேரத்தில் விளையாடியதற்கு ஒறுத்தலே கிடைக்கும் என்று யோகோய் அஞ்சினார். ஆனால், அதனையே விற்பனைப் பொருளாக ஆக்கித் தருமாறு தலைவர் பணித்தார். 'அல்ட்ரா ஹேண்ட்' என்னும் பெயருடன் 1966ஆம் ஆண்டு கடைக்கு வந்த அப்பொம்மை ஏறத்தாழ 12 இலட்சம் விற்றது. இயந்திரக் காவலர் விளையாட்டுப் பொருள் வல்லுநர் ஆனார்.

பின்னும் பல பொம்மைகளை அவர் ஆக்கினார். அவற்றை எல்லாம் ஈண்டு விரிப்பிற் பெருகும். ஒன்றை மட்டும் விரித்துரைப்பேன். அவரது அறிவின் போக்கு அதிலே நன்கு விளங்கும்.

வானொலி அலையால் தொலைவிலிருந்து இயக்கும் பொம்மைக் கார், அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டும் பொருளாக இருந்தது. வலம், இடம், நேர் என்று ஒவ்வோர் ஆணைக்கும் தனித்தனியே உறுப்புகள் வேண்டியிருந்தமையால் விலை மிகுந்தது. இதனை மலிவாக்குவது எங்ஙனம் என்று எண்ணிய பிறர், உறுப்புகளின் தரத்தைக் குறைப்பதற்கு முயல்வர். யோகோயோ ஆணைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். 1972ஆம் ஆண்டு வந்த அவருடைய 'லெஃப்டி ஆர்எக்ஸ்' என்னும் கார், நேராக ஓடும். பொத்தானை அழுத்தினால் இடப்புறம் திரும்பும். வலப்புறம் திரும்பவே திரும்பாது. ஓர் ஆணைக்கு உரிய உறுப்பே போதுமாதலின் விலை பெரிதும் தாழ்ந்தது.

வலம் திரும்பாத காரை எவர் வாங்குவர் என்று மாணவர் நகைக்கக்கூடும். பந்தயத் திடலை எண்ணிப் பாருங்கள். வட்டப் பாதையில் எல்லாக் கார்களும் ஒரே திசையில்தானே சுற்றுகின்றன! இடமாகச் சுற்றும் பந்தயத்தில் வலம் திரும்பும் ஆற்றலால் ஆவது யாது? திருவாரூர் ஆழித்தேர் நான்கு வீதிகளையும் வலமாகவே சுற்றி நிலைக்கு வருகின்றது. ஒவ்வொரு முனையிலும் அது வலப்புறம் திரும்பினால் போதும். இடப்புறம் திரும்பாத தேர் என்று அதனை எவரேனும் குறைகூறியது உண்டோ? இவ்வுண்மை எல்லார் கண்முன்னும் கிடந்தது. அதனை விலைப்பட்டியலோடு சேர்த்து எண்ணியவர் யோகோய்.

புதியதாய்ப் பிறந்த நுட்பத்தை அவர் பெரிதும் நம்புவதில்லை. அதன் விலை மிகுதி. குணமும் குற்றமும் இன்னும் வெளிப்பட்டிரா. பலர் கைப்பட்டு, பழகித் தேய்ந்து, விலை வீழ்ந்து, வாடிப்போன நுட்பத்தையே அவர் எடுத்துக்கொள்வார். அதனை எவரும் எண்ணாத வேறொரு பயனுக்கு உரியதாக்குவார். இக்கொள்கையைத் தம் வாழ்நாள் முழுதும் அவர் பலருக்கும் எடுத்துரைத்து வந்தார். திருக்காட்டுப்பள்ளியிலே, குடமுருட்டிக் கரையில், நுங்கைத் தின்றுவிட்டு எறிந்த பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு பந்தயம் ஓடும் சிறுவர்களை யான் பன்முறை கண்டதுண்டு. யோகோய் அவர்களைக் கண்டிருப்பின், தம் இனத்தார் என்றே கொண்டிருப்பார்.

அடுத்து அவர் கையில் எடுத்த வாடிய பொருள் கணக்கிடும் கருவி. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் சிறு கணிப்பான்களைப் போட்டியிட்டு ஆக்கின. போட்டி முற்றவே, அவற்றிலுள்ள திரவப் படிகத் திரையும் சில்லும் மிக மலிந்தன. ஒருநாள் அதிவிரைவு இரயிலில் சென்றபோது, அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் தம் கணிப்பானின் பொத்தான்களை வீணே அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கண்டார். இவ்வாறு வாளா இருப்பாருக்கு, பிறர் கண்ணிற் படாமல் கைக்குள் அடங்கும் விளையாட்டு ஒன்று இருந்தால் நன்றாகுமே என்று அவருக்குத் தோன்றியது.

அவ்வெண்ணம் தலைவரின் செவிக்கு எட்டியதும் ஒரு கார்ப் பயணத்திலேதான். தலைவருடைய ஓட்டுநர் நோயுற்றிருந்தமையால், யோகோய் அவருக்குக் கார் ஓட்ட நேர்ந்தது. வழியில் பேச்சுக்கு ஏதேனும் வேண்டுமே என்று தம் எண்ணத்தை அவர் மெல்லச் சொன்னார். தலைவர் தலையசைத்ததோடு சரி. சில நாள் கழித்துப் பார்த்தால், திரவப் படிகத் திரையில் வல்ல ஷார்ப் நிறுவனத்தாரோடு பேச்சே தொடங்கிவிட்டது!

1980ஆம் ஆண்டு 'கேம் அண்டு வாட்ச்' என்னும் கருவி வெளிவந்தது. ஒரு கருவியில் ஒரு விளையாட்டு. உடன் மணி காட்டும் கடிகாரம். திரையில் தோன்றும் உருக்கள் எல்லாம் முன்னரே அச்சிட்டு வைத்தாற்போல அவ்வவ்விடத்தில் அமைந்திருக்கும். மின்னோட்டம் பாயும்போது ஓர் உரு தெரியும், மற்றொன்று மறையும். நகர்வதுபோல் நமக்குத் தோன்றுமேயன்றி, உண்மையில் எதுவும் நகராது. இவ்வரிசைக் கருவிகள் உலகெங்கும் 4 கோடியே 34 இலட்சம் விற்றன. 1990களில் நம் காவிரிக்கரை ஊர்த் திருவிழாக் கடைகளில் 'பிரிக் கேம்' என்று மலிவாக விற்ற கருவி நினைவிருக்கும் பெரியவர்கள் உண்டு. கட்டங்களை அடுக்கினாற்போன்ற கார் ஒன்று எதிர்வரும் கார்களுக்கு வலமும் இடமும் ஒதுங்கி ஓடும். அதுவும் அதே மலிந்த திரை நுட்பத்தால் வந்ததே.

1982ஆம் ஆண்டு வந்த 'டாங்கி காங்' கையடக்கக் கருவிக்காக யோகோய் சிலுவை வடிவப் பொத்தான் ஒன்றை அமைத்தார். மேல், கீழ், வலம், இடம் ஆகிய நான்கு திசைகளையும் ஒரே பெருவிரலால், கண்ணால் நோக்காமலே ஆளலாம். பின்வந்த விளையாட்டுக் கருவிகள் பலவற்றின் இடப்பக்கத்தில் அப்பொத்தானின் வடிவத்தையோ வழித்தோன்றலையோ காணலாம்.

இனி, அவர் வாழ்வின் பெருஞ்செயலுக்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில், விளையாட்டை மாற்றி மாற்றிச் செருகி ஆடத்தக்க கைக்கருவி ஒன்றை அமைக்கும் பொறுப்பு யோகோயின் குழுவுக்கு வந்தது. சதோரு ஒகாடா என்னும் பொறியாளர் அவருக்கு வலக்கையாய் நின்றார். வண்ணத்திரை அக்காலத்தில் ஆக்கக்கூடாதது அன்று. ஆனால், வண்ணத்திரைக்குப் பின்னே விளக்கு எரிய வேண்டும்; விளக்கு எரிந்தால் மின்கலம் சில மணி நேரத்தில் தீரும்; விலையும் ஏறும். யோகோய் வண்ணத்தைத் துறந்தார். சிறுவன் ஒருவன் நெடுவழிப் பயணத்தில் பாதி வழியிலேயே கருவி அணைந்து ஏமாறுதல் ஆகாது என்பது அவர் கருத்து. எதிரிகள் வண்ணத்தோடு வரப்போகும் வேளையில், வண்ணமற்ற பொருளைச் சந்தைக்கு அனுப்புவது எளிய துணிவன்று. தவறினால் நிறுவனமும் அவர் பெயரும் ஒருங்கே வீழ்ந்திருக்கும்.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் 'கேம் பாய்' வெளிவந்தது. விலை 12,500 யென். கடையில் பென்சில் பேட்டரி எனக் கேட்டு வாங்குகிறோமே, அச்சிறு மின்கலங்கள் நான்கைக் கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேல் அஃது இயங்கிற்று. அவ்வாண்டிலேயே அடாரி நிறுவனத்தார் வண்ணத்திரையுடன் 'லிங்ஸ்' என்பதனையும், மறு ஆண்டு சேகா நிறுவனத்தார் 'கேம் கியர்' என்பதனையும் கொணர்ந்தனர். கேம் கியரின் விலை 19,800 யென். ஆறு மின்கலங்களை அது சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கண்காட்சியில் வென்றவை அவை. பிள்ளைகளின் பையில் வென்றது கேம் பாய். பின்வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து அஃது 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்றது.

அத்தகைய திரையில் கார்ப் பந்தயம் ஓடவிடுதல் அரிதினும் அரிது. திரையின் அகலம் 160 புள்ளி. உயரம் 144 புள்ளி. வெளிறியதிலிருந்து கருமை வரை நான்கே சாயல். மேலும், அக்காலத் திரவப் படிகம் விரைந்து மாறாது. வேகமாக ஓடும் உரு தன் பின்னே ஒரு நிழலை இழுத்துச் செல்லும். பந்தயத்துக்கு வேகமே உயிர் ஆயிற்றே! இக்குறையைக் கலைஞர்கள் அறிவால் வென்றனர். கருவியானது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வரைகின்றது. ஒவ்வொரு வரியையும் வரையும்போது சிறிது சிறிதாக ஒரு பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தால், நேராக வரைந்த சாலை வளைந்து செல்வதுபோல் தோன்றும். நம் கார் திரையின் அடியில் நிற்கும். சாலையே நம்மை நோக்கி ஓடி வரும். 1990ஆம் ஆண்டு நிண்டெண்டோ வெளியிட்ட 'எஃப்-1 ரேஸ்' என்னும் பந்தய விளையாட்டிலோ, நான்கு கேம் பாய்களைக் கம்பியால் இணைத்து நால்வர் ஒருங்கே போட்டியிடலாம். வண்ணம் இல்லையே என்று அந்நால்வருள் எவரும் வருந்தியிரார் என்பது என் துணிபு. வாசலில் வெண்மாவால் இட்ட கோலத்தில் தாமரையின் செம்மையை நம் மனமே நிரப்பிக்கொள்ளவில்லையா?

இவ்வளவு வென்றவர் ஒருமுறை தோற்கவும் தோற்றார். 1995ஆம் ஆண்டு வந்த 'வர்ச்சுவல் பாய்' என்னும் கருவி, இரு கண்ணுக்கும் இரு படம் காட்டி, ஆழம் தோன்றச் செய்தது. மலிவானது என்பதனால் செந்நிற விளக்கையே அங்கும் அவர் தெரிந்தெடுத்தார். கருஞ்சூழலில் சிவந்த கோடுகளை நெடுநேரம் நோக்குவது கண்ணுக்கு இனிதாக இல்லை. மேசைமேல் நிறுத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆட வேண்டியிருந்ததால், அருகிருப்போர்க்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டு இலட்சம்கூட விற்கவில்லை. மலிவைத் தேடும் அதே கொள்கைதான் இங்கும் வழிகாட்டியது. ஆயின், கேம் பாயில் அது பயனாளிக்கு நீண்ட நேரத்தை ஈந்தது. இங்கோ அவனுக்கு ஈந்தது ஒன்றும் இல்லை. இவ்வேறுபாட்டை மாணவர் நுணுகி நோக்குக.

தோல்விக்குப் பின்னும் உடனே அவர் வெளியேறவில்லை. மெலிந்து சிறுத்த 'கேம் பாய் பாக்கெட்' என்பதனை 1996ஆம் ஆண்டு முடித்துக் கொடுத்துவிட்டு, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் விடைபெற்றார். முப்பத்தோர் ஆண்டுப் பணி அது. பின்னர்க் கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்னும் சிறு ஆய்வகத்தை நிறுவி, பண்டாய் நிறுவனத்துக்காகப் புதிய கைக்கருவி ஒன்றை அமைக்கத் தொடங்கினார்.

1997ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், இஷிகாவா மாநிலத்து விரைவுச்சாலையில் நண்பர் ஒருவர் ஓட்டிய காரில் அவர் சென்றுகொண்டிருந்தார். கார் முன்சென்ற சரக்குந்தின் மீது மோதியது. சேதம் யாதென்று காண இறங்கி நின்றபோது, பின்னே வந்த மற்றொரு கார் அவரை மோதிற்று. அவ்விபத்திலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிய கருவியை 'வொண்டர்ஸ்வான்' என்னும் பெயருடன் பண்டாய் நிறுவனத்தார் 1999ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் வெளியிட்டனர். அதன் விலை 4,800 யென். திரையில் வண்ணம் இல்லை. நெட்டாகவும் பிடித்து ஆடலாம், கிடையாகவும் பிடித்து ஆடலாம். மின்கலம் ஒன்றே போதும். அவ்வொன்றைக் கொண்டே முப்பது மணி நேரம் அஃது இயங்கியது. அதற்கென வந்த புதிர் விளையாட்டு ஒன்றுக்குக் 'குன்பெய்' என்று பெயர் வைத்தனர்.