நுண்ணலை அடுப்பைத் தந்த பெர்சி ஸ்பென்சர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியில் மெய்ன் என்றொரு மாநிலம் உண்டு. காடும் ஆறும் நிறைந்தது, குளிர் மிகுந்தது. அதன் வடபகுதியான அரூஸ்டூக் வட்டாரம் உருளைக்கிழங்குக்குப் பெயர்போனது. கிழங்கு தோண்டும் பருவத்தில் பிள்ளைகளும் வயலில் இறங்க வேண்டும் என்பதற்காகவே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்து வந்தது. முழுக்கிழங்கைத் தோலோடு சூட்டடுப்பில் வைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, பிளந்து வெண்ணெய் தடவி உண்பது அந்நாட்டாரின் எளிய உணவு. அதே மாநிலத்தின் ஹவ்லாண்ட் என்னும் சிற்றூரில் 1894 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள் பிறந்த ஒரு குழந்தை, பிற்காலத்தில் அந்த ஒரு மணி நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிக் காட்டியது. அவர்தாம் பெர்சி ஸ்பென்சர். இன்று மைக்ரோவேவ் என்று நாம் வழங்கும் நுண்ணலை அடுப்பின் தந்தை.

பிறந்து ஒன்றரை ஆண்டில் தந்தை இறந்தார். தாயும் பிரிந்து சென்றார். அத்தையும் மாமாவும் எடுத்து வளர்த்தனர். ஏழு வயதில் அந்த மாமாவும் மறைந்தார். பிறகு பள்ளிக்கூடம் எங்கே? தொடக்கக் கல்வியைக்கூட முடிக்காமல், பன்னிரண்டு வயதில், நூல் சுற்றும் மரக்கட்டைகள் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பொழுது விடியுமுன் போனால் இருட்டிய பிறகே திரும்புவது. நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

பதினாறு வயதில், அருகிலிருந்த காகித ஆலைக்கு மின்சாரம் வரப்போகிறது என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. அக்காலத்தில் அந்தப் பக்கத்து மக்களுக்கு மின்சாரம் புதுமையான பொருள். ஸ்பென்சர் கிடைத்ததையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு போய் வேலை கேட்டார். மின்னமைப்பு வேலைக்கு எடுக்கப்பட்ட மூவரில் அவரும் ஒருவரானார். செய்துகொண்டே கற்றார், கற்றுக்கொண்டே செய்தார்.

1912 இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. இருள் சூழ்ந்த கடலில் கம்பியில்லாத் தந்தியின் மூலம் உதவி கேட்டு அழைத்த இயக்குநர்களின் கதை உலகமெங்கும் பரவிற்று. அதைக் கேட்ட பதினெட்டு வயது ஸ்பென்சர், கம்பியில்லாத் தந்தியைக் கற்பதற்காகவே கப்பற்படையில் சேர்ந்தார். அங்கே இரவுக் காவல் பணி. மற்றவர்களுக்கு அது தூக்கத்தை விரட்டும் நேரம்; இவருக்கு அதுவே கல்லூரி. பாடநூல்களைத் தேடிப் பிடித்து முக்கோணவியல், நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், உலோகவியல் என ஒவ்வொன்றாகத் தாமே பயின்றார்.

இந்த இடத்தில் நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்பென்சரைப் படிக்காத மேதை என்று பலரும் புகழ்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கித்தான் பிழைக்க வேண்டுமா, படிக்காமலே பெரிய ஆளானவர்கள் இல்லையா என்று ஊரில் கேட்பவர்கள் இத்தகைய மனிதர்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்பென்சர் படிக்காதவர் அல்லர்; பள்ளிக்கூடம் கிடைக்காதவர். இரண்டும் ஒன்றாகுமா? நாம் இரண்டாம் ஆண்டில் விரிவுரையாளர் கரும்பலகையில் விளக்கியும் தடுமாறும் நுண்கணிதத்தை, கப்பலில் விளக்கு வெளிச்சத்தில் கேட்க ஆளின்றிக் கற்றவரைப் படிக்காதவர் என்பது அவருக்குச் செய்யும் அநீதி.

1920-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரேதியான் நிறுவனத்தில் சேர்ந்தார். வெற்றிடக் குழாய்கள் செய்வதில் அவருக்கு நிகர் இல்லை என்ற பெயர் விரைவில் வந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் என்ற இருவர் 1940 இல் உருவாக்கிய மாக்னட்ரான் என்னும் குழாயைப் பிரிட்டன் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து காட்டியது. ராடாருக்கு உயிர்நாடி அதுதான். ஆனால் கெட்டியான செப்புத் துண்டைக் கடைந்து கடைந்து துளையிட்டுத்தான் அதைச் செய்ய முடியும். தேர்ந்த கைவினைஞருக்கே நாட்கணக்கில் வேலை வாங்கும். ஸ்பென்சர் வேறு வழி கண்டார். மெல்லிய செப்புத் தகடுகளை அச்சால் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உலையில் வைத்து ஒட்டவைத்துவிட்டால் போதாதா? போதும் என்று செய்து காட்டினார். போர் முடியும் தறுவாயில் ரேதியானில் நாளொன்றுக்கு 2,600 மாக்னட்ரான்கள் வரை உருவாயின. அமெரிக்கக் கப்பற்படை அவருக்குச் சிறப்பு விருது வழங்கிப் பெருமைப்படுத்தியது. மர ஆலையில் நான்கு ஆண்டுகள் இயந்திரத்தோடு பழகிய கைக்குத்தான் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

இனி எல்லாரும் அறிந்த கதை. 1945 இல் ஒருநாள் இயங்கிக்கொண்டிருந்த மாக்னட்ரானின் அருகில் நின்றபோது, சட்டைப்பையிலிருந்த மிட்டாய் இளகியது. சாக்லேட் என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். நிலக்கடலை மிட்டாய் என்பது அவர் குடும்பத்தார் சொல்வது. எதுவாயினும், மாக்னட்ரானின் பக்கத்தில் சூட்டை உணர்ந்த முதல் ஆள் ஸ்பென்சர் அல்லர். மற்றவர்களும் உணர்ந்திருந்தார்கள், உணர்ந்ததோடு விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டவர் இவர். சோளத்தை வரவழைத்துக் குழாயின் முன் வைத்தார், படபடவெனப் பொரிந்தது. அடுத்து முட்டை. என்னதான் ஆகிறது என்று குனிந்து பார்த்த சகா ஒருவரின் முகத்தில் அது வெடித்தது! இதைத் தற்செயலான கண்டுபிடிப்பு என்கிறோம். மிட்டாய் இளகியது தற்செயல்தான். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் தற்செயல் இல்லை.

அந்த முட்டை ஏன் வெடித்தது என்பதை அறிந்தால் உருளைக்கிழங்கை எப்படிச் சுடுவது என்பதும் விளங்கிவிடும். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். நீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் சார்புடையது என்று படித்திருக்கிறோம் அல்லவா? இன்றைய நுண்ணலை அடுப்பில் மின்புலம் வினாடிக்கு 245 கோடி அலைவுகளாக மாறி மாறி வீசுகிறது. அதற்கேற்பத் திரும்ப முயலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டி மோதி, அந்த ஆற்றல் வெப்பமாகிறது. உள்ளிருந்து வெளியே வேகிறது என்று சிலர் சொல்வது தவறு. அலைகள் தோலைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வலிவோடு ஊடுருவும். நடுப்பகுதிக்கு வெப்பம் பழையபடி கடத்தல் முறையில்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவேதான் அடுப்பை நிறுத்திய பிறகும் கிழங்கைச் சில நிமிடம் சும்மா விட்டுவைக்கச் சொல்கிறார்கள். உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் முட்டைக்கு நேர்ந்ததே கிழங்குக்கும் நேரலாம். முள்கரண்டியால் நாலைந்து இடங்களில் குத்திவிட வேண்டும். நடுத்தரக் கிழங்கு ஒன்றுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம். பாதியில் ஒருமுறை புரட்டி வைத்தால் நல்லது.

வெந்துவிடும், ஐயமில்லை. ஆனால் சுட்டதாகுமா? நீர் உள்ளவரை கிழங்கின் மேற்பரப்பு 100 பாகை செல்சியசைத் தாண்டாது. தோல் உலர்ந்து, சிவந்து, மொறுமொறுப்பாவதற்கு அதைவிட மிகுந்த சூடு வேண்டும். சூட்டடுப்பின் 200 பாகைக் காற்று தருவது அதைத்தான். அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்கின் மணத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ரேதியான் நிறுவனத் தலைவர் சார்லஸ் ஆடம்ஸின் வீட்டில் இந்த அடுப்பைக் கொண்டுபோய் வைத்தபோது, இறைச்சி சிவக்கவில்லை, உருளை வறுவல் வெளுத்துத் துவண்டு கிடக்கிறது என்று சலித்து, சமையற்காரர் வேலையையே விட்டுப் போனாராம்! மொறுமொறுப்பான தோல் வேண்டுவோர் நுண்ணலையில் வேகவைத்த கிழங்கைக் கடைசிப் பத்து நிமிடம் சூட்டடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். வேகத்திற்கு ஸ்பென்சரின் அடுப்பு, சுவைக்கு அவருடைய அத்தை காலத்து அடுப்பு!

1945 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1950 ஜனவரியில் கிடைத்தது. அதற்காக நிறுவனம் அவருக்குக் கொடுத்தது 2 டாலர் என்கிறார்கள். ஊழியர் யார் எதைக் கண்டுபிடித்தாலும் வழக்கமாகத் தரும் அன்பளிப்பு அது. விற்கும் அடுப்புக்கு இவ்வளவு என்று அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. படிக்கும்போது மனம் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

1947 இல் வந்த முதல் ரேடாரேஞ்ச் அடுப்பு ஏறத்தாழ ஆறடி உயரம், 340 கிலோ எடை. குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பும் வேண்டும். உணவகங்களும் கப்பல்களும்தான் வாங்க முடிந்தது. 1955 இல் டாப்பன் நிறுவனம் வீட்டுக்கென்று ஒன்றைக் கொண்டுவந்தது. விலை 1,300 டாலர் அளவில் இருந்ததால் அதுவும் எளியவர்க்கு எட்டவில்லை. ரேதியான் 1965 இல் அமானா நிறுவனத்தை வாங்கி, 1967 இல் மேசைமேல் வைக்கும் சிறிய அடுப்பை 495 டாலருக்கு விற்பனைக்கு விட்ட பிறகே அது வீடுகளுக்குள் நுழைந்தது.

இதற்கிடையில் ஸ்பென்சர் அந்நிறுவனத்தின் மூத்த துணைத் தலைவராகவும் இயக்குநர் குழு உறுப்பினராகவும் உயர்ந்திருந்தார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்கூட இல்லாதவரின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று சேர்ந்தது. மேசைமேல் அடுப்பு கடைகளுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், 1970 செப்டம்பர் 8 அன்று, தம் 76 ஆம் வயதில் அவர் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 1999 இல்தான்.